எதிர் வீட்டு அக்காவின் செடிகள்

அக்கா,

விரலில் வேப்பெண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினேன், புளியைத் தேய்த்துக் கழுவினேன். சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனால் முதலில் அந்தக் கசப்புத்தான் மூக்கில் ஏறுகிறது. காலையிலிருந்து உங்கள் செடிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மணி பிளாண்ட் கொடியில் கணுவுக்குக் கணு மாவுப்பூச்சி, இட்லி மாவு தெறித்துக் காய்ந்தது மாதிரி அப்பிக் கிடந்தது. நீங்கள் செய்வதுபோலவே வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு கலக்கி, அதில் வேப்பெண்ணெய் விட்டு, பஞ்சைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு கணுவாகத் துடைத்தேன். இலையின் முதுகை மறந்துவிடாதே என்பீர்கள். மறக்கவில்லை.

இந்த வாடையோடு நீங்கள் என் வீட்டுக்குள் வந்தால் நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

“என்னக்கா, யாருக்குப் பேயோட்டிட்டு வாரீக?”

“எதிர் வீட்டுல ஒண்ணு இருக்கு. அடுத்து அதுக்குத்தான்” என்று சொல்லிக்கொண்டே என் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவீர்கள்.

இன்றைக்கு வாடை என் விரலில். மூக்கைப் பொத்துவதற்குத்தான் ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் வருகிறாள். முந்தாநாள் போன் பண்ணினாள். நீங்கள் போனபிறகு அவள் குரலைக் கேட்டது அன்றுதான்.

“சித்தி, ஞாயித்துக்கெழம மதுரைக்கு வாரேன். வீட்லதானே இருப்பீங்க?”

“நான் எங்க போகப்போறேன்.”

“அம்மா செடி விஷயமாத்தான் சித்தி. நேர்ல பேசிக்குவோம்.”

வைத்துவிட்டாள். செடி விஷயம் என்றால் வேறு என்ன விஷயம்? தூக்கிக்கொண்டு போகிற விஷயம்தான். பெற்ற தாயின் செடிகள், மகளுக்குத்தான் சேரும். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் எனக்குக் கொடுக்க மனம் இல்லை. விடிந்தால் எழுந்து இந்தத் தொட்டிகளில் விரலை விட்டுப் பார்க்கிறேன், ஜன்னல் பக்கம் திருப்பி வைக்கிறேன், தூசி துடைக்கிறேன். அதற்குள் வெயில் ஏறி பால்காரர் வந்துவிடுகிறார். இவை போய்விட்டால் விடிந்து நான் எதற்காக எழுந்திருக்க வேண்டும்?

கொடுக்க மனம் இல்லாதவள் எதற்கு மெனக்கெட்டுத் துடைக்கிறாய் என்று கேட்பீர்கள். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அவள் பார்க்கும்போது ஒரு இலையில்கூடக் குறை இருக்கக் கூடாது. அவளிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்கும்போது அவள் திருப்பிச் சொல்ல ஒன்றும் கிடைக்கக் கூடாது.

வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டால், சத்தம் இல்லாமல் இருக்கிறது. மகன் ஓசூர் போனபிறகு ஞாயிறு மதியம் போன் பண்ணுவான். பேத்தி “அப்பத்தா, சாப்டியா?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் ஓடிவிடுவாள். உங்கள் கதவில் யார் யாரோ கேபிள் விளம்பரமும் ஆஸ்பத்திரி விளம்பரமும் செருகிவிட்டுப் போகிறார்கள். அவற்றை நான்தான் உருவி எடுக்கிறேன். ஒரு வீட்டுக் கதவில் அப்படித் தாள் சேர்ந்து கிடந்தால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்?

கப்பலூர்க் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் மகன் இந்த வீட்டை வாங்கி, அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து என்னைக் கொண்டுவந்து இறக்கினானே, அன்றைக்கு உங்கள் வாசலில் நான் முதலில் பார்த்தது உங்களை இல்லை. பீங்கான் தொட்டியில் விறைப்பாக நின்ற மருளைத்தான் பார்த்தேன். சாமான் இறக்குவதை விட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டேன்.

“இது மருளுல்ல? எங்க ஊர்ல வேலியில சீந்துவார் இல்லாமக் கெடக்கும். இதப் போயி பீங்கான்ல வச்சிருக்கீக!”

கதவுக்குள்ளிருந்து நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள். “இது ஸ்நேக் பிளாண்ட்டும்மா. நர்சரில வாங்குனது.”

“பேர மாத்திட்டா வேலியில கெடந்தது இல்லேன்னு ஆயிருமா?”

நீங்கள் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டி வந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. குடியிருப்பு முழுக்க உங்களை டீச்சர் என்று கூப்பிட்டது. நீங்கள் மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது எனக்குத் தெரிந்த அன்றிலிருந்து நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். மற்றவர்கள் டீச்சர் என்றபோது நீங்களும் இல்லை என்று சொன்னது கிடையாது. அதையும் நான் கவனித்துத்தான் வைத்திருந்தேன்.

ஆனால் அந்தச் சிரிப்பு நமக்கு வெகுநாள் நிலைக்கவில்லை. எதை மறந்தாலும் அந்தப் படிக்கட்டுப் பேச்சை மறக்கமாட்டேன்.

உங்கள் அடுப்படி ஜன்னலில் பாட்டில் தண்ணீரில் மணி பிளாண்ட் இருந்தது. கம்பியைச் சுற்றிச் சுற்றி ஏறி, இலை ஒவ்வொன்றும் எண்ணெய் தடவியது போல மின்னும். எனக்கு ஆசை. யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கம் இல்லாதவள், வெட்கத்தை விட்டு உங்களிடம் கேட்டேன். மாடி வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் துணி எடுத்துக்கொண்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, அதுல ஒரு கொடி ஒடிச்சுத் தாங்களேன்.”

“கேட்டா தரமாட்டேன் பேச்சி” என்றீர்கள் சத்தமாக. “நான் பாக்காதப்ப களவாண்டுட்டுப் போ.”

அந்த இரண்டு பேரும் கெக்கெக்கென்று சிரித்தார்கள். “ஆமாக்கா, ராத்திரியில வந்து எடுத்துக்கங்க. டீச்சர் தூங்கிருவாங்க” என்றாள் ஒருத்தி.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். சித்திரையில் சாத்திய அந்தக் கதவை உங்களுக்காக நான் மறுபடி திறக்க ஆடி பிறந்துவிட்டது.

உங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கறிக்குழம்பைக் கொடுத்தனுப்பினீர்கள். பாத்திரத்தைத் திறக்காமலே திருப்பி அனுப்பினேன். மணி பிளாண்ட் தொட்டி ஒன்றை என் வாசல் ஓரமாக, கொடி என் பக்கம் சாய்கிற மாதிரி கொண்டுவந்து வைத்தீர்கள். அதைக் காலால் உங்கள் பக்கம் தள்ளினேன். மறுநாள் மறுபடி இருந்தது. மறுபடி தள்ளினேன். என் மகன்கூடக் கேட்டான், “என்னம்மா, எதிர் வீட்டு டீச்சரும் நீயும் தொட்டிய வச்சு ஃபுட்பால் ஆடுறீங்களா?”

இஸ்திரி போடுகிறவர்தான் ஒருநாள் துணி கொடுக்கும்போது சொன்னார். “மணி பிளாண்ட்ட யாரும் கையில குடுக்க மாட்டாங்கம்மா. குடுத்தாலும் வராது. களவாண்டு வச்சாத்தான் தழைக்கும்னு டவுன்ல எல்லாரும் சொல்றதுதான். உங்களுக்குத் தெரியாதா?”

எனக்கு எப்படித் தெரியும்? கடலையும் சோளமும் தெரியும், நெல் தெரியும், கரும்பு தெரியும். பாட்டிலில் வளர்க்கிற கொடிக்கு என்ன சடங்கு என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஆனால் தெரிந்த பிறகும் நான் உங்களோடு பேசவில்லை. கோபம் ஏறுவதற்கு ஒரு வார்த்தை போதும், இறங்குவதற்கு அதற்கென்று நேரம் வேண்டும். எனக்கு எப்போதும் அப்படித்தான்.

அப்புறம் நீங்கள் ஒரு வேலை பார்த்தீர்கள். பட்டப்பகலில், நான் வாசலில் உட்கார்ந்து சொளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது, என்னைத் தாண்டி என் வீட்டுக்குள் நடந்துபோனீர்கள். பின்பக்க பால்கனியில் பெயின்ட் டப்பாவில் நான் வைத்திருந்த ஓமவல்லியில் ஒரு கிளையை நறுக்கென்று ஒடித்தீர்கள். திரும்பி வந்து என் முன்னால் அதை ஆட்டினீர்கள்.

“இப்ப நானும் களவாணி. போலீஸக் கூப்புடு, இல்ல வாயத் தொறந்து பேசு.”

அப்போதுதான் சொன்னேன். சின்னப் பிள்ளையாகக் கடலைக்காட்டுக்குப் போனபோது, பொழுது சாய்ந்து கரையேறும் இடத்தில் கங்காணி நிறுத்திவைத்து, கடலையைக் களவாண்டிருக்கிறோமா என்று பார்க்க, “மடிய உதறிட்டுப் போ” என்பான். பெரிய பொம்பளைகளும் எங்களோடு வரிசையில் நின்று உதறுவார்கள். என் அம்மா உதறும்போது நான் வேறு பக்கம் பார்ப்பேன். ஒரு பருப்பு விழுந்ததில்லை. அந்த ஆத்திரத்தை என் அம்மா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் முதுகில் காட்டுவாள். இதைச் சொன்னபிறகு உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. சொளகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் தரையில் உட்கார்ந்தீர்கள். முட்டி வலியோடு தரையில். சொளகிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, “எங்கம்மாவும் உதறுனவதான் பேச்சி” என்றீர்கள். “திருமங்கலத்துப் பக்கம். நான் படிச்சு ஆபீஸ்ல சேர்ந்த அன்னிக்கும் அவ களத்துல இருந்துதான் வந்தா.”

அதற்கு மேல் அதைப் பற்றி நாம் என்றைக்கும் பேசவில்லை. பேசாமலே இருவருக்கும் அது இருந்தது. மறுநாள் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் ஜன்னலில் ஒரு முழக் கொடியை ஒடித்துக்கொண்டு வந்தேன். “ஐயையோ, களவு போயிருச்சே” என்று நீங்கள் போட்ட கூப்பாட்டில் மாடி வீட்டுக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள்.

அதன்பிறகு நமக்குள் இருந்த சண்டையெல்லாம் தண்ணீர்ச் சண்டை. வாடினால் ஊற்ற வேண்டும், வாடாவிட்டாலும் ஊற்ற வேண்டும், எனக்குத் தெரிந்தது அதுதான். காட்டில் வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளில் யாராவது போதும் என்பார்களா? நீங்கள் என் கையிலிருந்து செம்பைப் பிடுங்குவீர்கள்.

“இது என்ன நெல்லு நாத்தா, நின்னு தண்ணி கட்டுறதுக்கு? வீட்டுக்குள்ள காத்து ஏது, வெயில் ஏது? குடிச்ச தண்ணி வத்த வேணாமா?”

“தலையத் தொங்கப் போட்டிருக்கே அக்கா.”

“தாகத்துல தொங்குதா, குடிச்சது செரிக்காமத் தொங்குதான்னு விரல விட்டுப் பாரு.”

விரலின் இரண்டாம் கணு வரைக்கும் மண்ணுக்குள் போக வேண்டும். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு விட்டுவிட வேண்டும். பொடிப்பொடியாக உதிர்ந்தால் அடியில் ஒழுகும்வரை ஊற்ற வேண்டும், தட்டில் நின்றதைக் கவிழ்த்துவிட வேண்டும். கவிழ்க்காவிட்டால் கொசு ஒழிக்க வருகிற கார்ப்பரேஷன் பெண் டார்ச் அடித்துப் பார்த்து உங்களையே சத்தம் போடுவாள். நீங்கள் பயந்த ஒரே ஆள் அவள்தான். நம் போர் தண்ணீர் உப்பு, இலை நுனி கருகும் என்று கீழ் வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு வாளி வைத்துப் பிடித்தீர்கள். அந்த வீட்டுக்காரர், “எங்க ஏசித் தண்ணிக்கும் டீச்சர் பட்டா போட்டுட்டாங்க” என்பார்.

ஒரு புது இலை சுருள் பிரிந்தால் “ஸ்தோத்திரம்” என்பீர்கள். மழை பெய்தாலும் ஸ்தோத்திரம், கேஸ் சிலிண்டர் வந்தாலும் ஸ்தோத்திரம், இலைக்கும் ஸ்தோத்திரமா என்று நான் இடிப்பேன். சித்திரை வெயிலில் மேற்கு ஜன்னலிலிருந்து எல்லாத் தொட்டியையும் நடுவீட்டுக்கு இழுத்துவிட்டு, நடக்க இடம் இல்லாமல் சுவரோடு ஒட்டி ஒட்டி நாம் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சிரித்துவிட்டு யாரிடம் சொல்வது என்று பார்க்கிறேன்.

பிறகு நீங்கள் மெலிந்தீர்கள். நான் கேட்டேன். கேட்காமல் இல்லை. “வயசாச்சுல்ல பேச்சி” என்றீர்கள். மகள் சென்னையிலிருந்து வந்து செக்-அப்புக்கு என்று கூட்டிக்கொண்டு போனாள். கொஞ்ச நாளில் வந்துவிடுவேன் என்று தொட்டிகளை ஒவ்வொன்றாக என் வீட்டுக்கு மாற்றினீர்கள். எது ஜன்னலுக்குப் பக்கத்தில், எது உள்தள்ளி என்று நீங்களே இடம் பார்த்து வைத்தீர்கள். சிவப்பு வரி ஓடின இலைச் செடி, அதன் பெயர் என் வாயில் இன்றைக்கும் நுழையாது, அந்தச் சின்னத் தொட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினீர்கள். “அங்க போய் நான் எதப் பாத்துட்டு உக்காந்திருக்கிறது?” என்றீர்கள். நான் அதை நம்பினேன்.

முதலில் நீங்களே போனில் பேசினீர்கள். உங்களைப் பற்றிக் கேட்டால் செடியைப் பற்றிக் கேட்பீர்கள். பிறகு உங்கள் மகள் எடுத்தாள். “அம்மா தூங்குறாங்க சித்தி.” எந்த நேரம் போட்டாலும் அம்மா தூங்கினார்கள். ஒருநாள் பால் வாங்கக் கீழே போனபோது, ஏசித் தண்ணீர்க்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். “உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்மா. டீச்சர அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்களாம். குரூப்புல போட்டிருந்தாங்க.”

குரூப்பில் போட்டிருந்தார்களாம். என்னிடம் இருப்பது பட்டன் போன் என்று உங்கள் மகளுக்குத் தெரியாதா?

மேலே வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டேன். ஈரத் தலையோடு பால்கனியில் துணி காயப்போடும்போது மாடி வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, “என்னம்மா, உங்க சொந்தத்துல யாரும் தவறிட்டாங்களா?” என்றாள். ஆமாம் என்றேன். யார் என்று கேட்டாள். அதற்கு மேல் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை அக்கா. கடைசியாகப் பார்த்தது கார் ஜன்னலில், செடியின் இலைக்குப் பின்னால் பாதி முகம். என்னைக் கூப்பிடாததற்கு உங்கள் மகளிடம் ஞாயிற்றுக்கிழமை கேட்பேன். வந்தவளுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று இருக்கிறேன். கேட்டு முடித்தபிறகு, தொட்டிகளைத் தொடாதே என்று சொல்வேன். சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. இதோடு நிறுத்தி வைக்கிறேன். கை வலிக்கிறது.

அக்கா, உங்கள் மகள் வந்துவிட்டுப் போய்விட்டாள். போய் நாள் ஆகிறது. எழுதலாம் என்று உட்காருவேன், கோபத்தில் எழுந்துவிடுவேன். இன்றைக்கு எழுதி முடித்துவிடுகிறேன்.

கதவைத் திறந்தால் அவள் தோளில் பெரிய துணிப்பை. தொட்டிகளை அள்ளிப் போடத்தான் பையோடு வந்திருக்கிறாள் என்று எனக்குக் கொதித்தது. உள்ளே வா என்று சொல்லவில்லை.

“மொகத்தப் பாக்கக்கூட எனக்குச் சொல்லிவிடல. இப்பத் தொட்டியத் தூக்க மட்டும் வழி தெரியுதாக்கும்?”

அவள் வாசலிலேயே உட்கார்ந்து பையைத் திறந்தாள். குப்பென்று ஒரு நாற்றம். சாக்கடையில் கிடந்த வேர் நாற்றம். அந்தச் சிவப்பு வரிச் செடி அக்கா. நீங்கள் மடியில் கொண்டுபோனது. இலையெல்லாம் கூழாகித் தண்டில் ஒட்டிக் கிடந்தது. தொட்டிக்குள் சேறு.

“இதுக்குத்தான் வந்தேன் சித்தி. ஆஸ்பத்திரி ஜன்னல்ல நல்லாத்தான் இருந்துச்சு. அம்மா போன பெறகு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா நெனப்பு வரும்போதெல்லாம் தண்ணி ஊத்திப்புட்டேன்.”

“எம்புட்டு?”

“தெரியல சித்தி. எந்நேரமும் நெனப்பாத்தான் இருந்துச்சு.”

பேரப்பிள்ளை எடுக்கப்போகிற வயதுப் பொம்பளை, என் வாசற்படியில் உட்கார்ந்து சேற்றுத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுகிறாள். கேள்வியை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று தொட்டியை வாங்கினேன்.

அரிவாள்மனையை எடுத்துப் போட்டு, செடியை உருவினேன். வேர் என்று ஒன்றும் இல்லை, விரலில் வழிந்தது. தண்டை அடியிலிருந்து துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டே வந்தேன். பழுப்பு, பழுப்பு, மறுபடி பழுப்பு. சேனைக்கிழங்கில் அழுகலை அரிந்து தள்ளுகிற மாதிரி அரிந்து தள்ளினேன். அவள் ஒவ்வொரு துண்டையும் பார்த்தாள். என் சுண்டுவிரல் அளவுக்கு மிச்சம் வரும்போது உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. அதற்கு மேல் அரியவில்லை. வெட்டுவாயில் மஞ்சள்தூளை அப்பி, காகிதத்தில் வைத்துக் காயவிட்டேன்.

“பொழைக்குமா சித்தி?”

“நான் என்ன சோசியமா பாக்குறேன்?”

கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் கேட்டேன். கேட்காமல் விட என்னால் முடியாது. “எனக்கு ஏன்டி சொல்லல?”

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அம்மாதான் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்குனாங்க. ‘பேச்சிகிட்டச் சொல்லிறாத, அடுத்த பஸ்ஸுல ஏறிருவா. அவ இங்க வந்து உக்காந்துட்டா அங்க செடிக்கு யாரு இருக்கா’ன்னு.”

“போன பெறகு?”

“போன் கையிலதான் இருந்துச்சு சித்தி. யாருக்குப் பேசுனேன், யாருக்குப் பேசலன்னு நெனவு இல்ல. உங்க நம்பர எடுத்தா அழுக வந்துரும். வச்சுருவேன். அப்புறம் நாளாயிருச்சு. நாளான பெறகு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுறது?”

அவள் மேல் இருந்த கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதி இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் வெறும் வயிற்றோடு வந்தவளை என்ன செய்வது? சோறு போட்டேன். தயிர் ஊற்றினேன். ஊறுகாய் வேண்டாம் என்றாள், வைத்தேன்.

சாப்பிட்டபிறகு உங்கள் வீட்டைத் திறந்தாள். என்னையும் கூப்பிட்டாள். மேற்கு ஜன்னல் திண்டில் தொட்டிகள் இருந்த இடமெல்லாம் வட்டம் வட்டமாக உப்புப் படிந்து கிடந்தது. அவள் ஈரத்துணியை எடுத்தாள். “அத விடு” என்றேன். விட்டுவிட்டாள். வீட்டை வாடகைக்கு விடப்போகிறாளாம். யார் வருவார்களோ, அவர்கள் துடைத்துக்கொள்ளட்டும்.

மற்றத் தொட்டிகளை எப்போது எடுத்துக்கொண்டு போகிறாய் என்று நானே கேட்டேன்.

“அதெல்லாம் உங்ககிட்டத்தான் இருக்கணும் சித்தி. எங்கிட்ட வந்தா இந்தக் கதிதான். இந்த ஒண்ண மட்டும் பொழைக்க வச்சுக் குடுங்க. அம்மா கடைசியாத் தொட்டது.”

தலையை ஆட்டினேன். அவள் பஸ் ஏறிப் போனாள்.

குச்சியைக் கண்ணாடித் தம்ளரில் ஏசித் தண்ணீரில் நிறுத்தி வைத்தேன். தண்ணீரை மாற்றி மாற்றி வைத்தேன். வெகுநாள் அது மரக்கட்டை மாதிரி நின்றது. ஒருநாள் அடியில் வெள்ளை வெள்ளையாகக் கொப்புளம் மாதிரி தெரிந்து, அது வேராக இறங்கியது. தேங்காய் நார்த் தூளும் மணலும் கலந்து சின்னத் தொட்டியில் வைத்தேன். ஊற்றச் சொல்லிக் கை பரபரத்தாலும் ஊற்றவில்லை. ஞாயிறுதோறும் உங்கள் மகள் போன் பண்ணுகிறாள். “எப்படி இருக்கு சித்தி?” என்பாள். இருக்கு என்பேன். அப்புறம் அவளுடைய முட்டி வலி, மருமகள், தண்ணீர் லாரி என்று எங்கெங்கோ போய்ப் பேச்சு முடிய வெகுநேரம் ஆகும்.

நேற்றுக் காலையில் குச்சியின் உச்சியில் ஒரு சுருள் எட்டிப் பார்த்தது. ஊசிப் பருமன்தான், இன்னும் சிவப்பு ஏறவில்லை. அவளிடம் சொன்னால் சந்தோஷப்படுவாள். உடனே வந்து எடுத்துக்கொண்டும் போவாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை எதைக் கேட்டுப் போன் பண்ணுவாள் என்று எனக்கு ஒரு யோசனை ஓடத்தான் செய்தது. ஆனாலும் சொல்லிவிடுவேன். அவள் தாய் தொட்ட செடி, அவளிடம்தான் இருக்க வேண்டும். விரலை எதுவரை விட வேண்டும் என்று அவள் கையைப் பிடித்து வைத்தே அனுப்புவேன்.

அவளோடு எனக்கு இருந்த கணக்கு ஒருவழியாகத் தீர்ந்துவிடும் போலிருக்கிறது. உங்களோடுதான் தீரவில்லை.

செடிக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டீர்களாமே. அப்படியென்றால் உங்களுக்கு நான் யார்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், காய்ந்தால் காயட்டும், அழுகினால் அழுகட்டும் என்று எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்திருப்பேன். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்திருப்பேன். தலையை வாரிவிட்டிருப்பேன், முகத்தைத் துடைத்துவிட்டிருப்பேன். இது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் வாயைக் கட்டினீர்கள். அந்தக் கோலத்தில் நான் பார்க்கக் கூடாது என்றா, பார்த்தால் நான் தாங்கமாட்டேன் என்றா? எதுவாக இருந்தாலும் அதை முடிவு பண்ண நீங்கள் யார்? செடியை எனக்குத் துணையாக வைத்துவிட்டுப் போனதாக உங்கள் மகள் போனில் சொல்கிறாள். நான் கேட்டது அந்தத் துணையையா?

காலையில் தொட்டிகளுக்குள் விரலை விட்டுக்கொண்டே இதைத்தான் உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாய்விட்டுக் கேட்கிறேன். பால்காரர் கேட் பக்கம் நின்று கேட்டுவிட்டு, அம்மா யாருடனோ போனில் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போகிறார். நினைக்கட்டும். இதை நான் மன்னிக்கப்போவதில்லை அக்கா. மன்னித்து முடித்துவிட்டால், அப்புறம் விடிந்து எழுந்து உங்களிடம் பேச எனக்கு என்ன இருக்கிறது?

பேச்சி